பத்து வயசுல வாங்க

பிள்ளைப்பாக்கத்தில் இனியவனின் தலைமுடியைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. நாலு வயதுப் பையனுக்குத் தோள்வரை முடி. கேட்டவர்களிடமெல்லாம் அவன் அம்மா கலைமதி ‘வேண்டுதல்’ என்று சொல்லிவைத்திருந்தாள். எந்தச் சாமிக்கு என்று விடாமல் கேட்பவர்களிடம் ஒருநாள் திருத்தணி என்பாள், இன்னொருநாள் திருப்பதி என்பாள். சாமி மாறியதே தவிர முடி குறையவில்லை. அந்த முடிக்கு அடியில், காது இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் வேர்க்கடலைபோலச் சுருண்ட சதை இருந்தது. துளை இல்லை. தொட்டால் மெத்தென்று இருக்கும். குளிப்பாட்டும்போது அவள் மட்டும்தான் தொடுவாள்.

பேச்சும் இல்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பசித்தால் அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் அடுப்புக்கு முன்னால் நிறுத்துவான். நினைத்தது கிடைக்காவிட்டால் சுவரில் தலையை மோதிக்கொள்வான். தெருப் பிள்ளைகள் அவனுக்கு ‘மூளி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தன் பெயர் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

கலைமதியின் நாத்தனார் சசிகலா தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தாள். வரும்போதெல்லாம் ஒரே பாட்டு.

"கிரகணத்தன்னிக்கு மாங்கா அரிஞ்சா. வயித்துல புள்ளய வச்சிக்கினு அரியாதடின்னு சொன்னேன், கேட்டாளா?"

"மாங்கா வூட்டுல இருந்தாத்தானேண்ணி அரியறதுக்கு? அன்னிக்கு நான் கம்பெனில ஒயரு அரிஞ்சிக்கினு இருந்தேன். கிரகணத்துக்கு ஓ.டி. குடுத்தாங்க, லீவு குடுக்கல."

"வாய் மட்டும் கீது உனக்கு. அதுல பாதி புள்ளைக்கு வந்திருக்கக்கூடாதா."

அதற்குமேல் கலைமதி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள்.

அவள் புருஷன் வசந்தகுமாருக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியில் கதவு லைனில் வேலை. முந்தின தலைமுறையில் ஏரிப்பாசன நிலம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் மதில் சுவரும் அதற்குள் நீலத் தகர ஷெட்டும் நிற்கின்றன. கலைமதிக்கும் ஒரகடம்தான். வண்டிகளுக்குள் போகும் ஒயர்களைக் கொத்தாகக் கட்டிச் சுற்றும் கம்பெனி, ஒப்பந்த வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஏரி நிரம்பி ரோட்டில் தண்ணீர் நின்றது. கார்களை ஏற்றிச்செல்லும் ட்ரெய்லர்கள் போகும்போதெல்லாம் சேற்றுத் தண்ணீர் எழும்பி வீட்டு வாசல்வரை அடித்தது. அங்கன்வாடியை மூடிவிட்டார்கள். கம்பெனியை மூடவில்லை. ஒரகடத்தில் இருந்த அண்ணன் மோகன் வீட்டில் பையனை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமென்று கலைமதி அவனைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

ஓட்டுபவர் யாக்கோபு. ஸ்ரீபெரும்புதூருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவே அவர் வண்டியில் ஏறாத கம்பெனிக்காரர்கள் குறைவு. இனியவன் ஏறியதும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலிருந்த இரும்புக் கம்பியில் பல்லைப் பதித்துக்கொண்டான். இன்ஜின் உறுமும்போதெல்லாம் கிளுகிளுவென்று சிரித்தான்.

"இன்னா தங்கச்சி, உன் புள்ள என் வண்டிய தின்னுது."

"அவன் எப்பவும் அப்டிதாண்ணே. கிரைண்டர் ஓடுனா அதுமேல கன்னத்த வச்சிக்குவான். அவன வையாதீங்க."

யாக்கோபு கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தார். டீக்கடை ஓரத்தில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். பையன் தலையைத் தூக்கினான். மறுபடி கிளப்பினார். பையன் மறுபடி கம்பியில் வாயை வைத்தான். அணைத்தார், தலை எழுந்தது. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்:

"யோவ் யாக்கோபு, இன்னாயா விளையாட்டு? டைமுக்குப் பஞ்ச் அடிக்கணும்யா."

"இருடா, உன் கம்பெனி எங்கியும் ஓடிடாது." அவர் கலைமதி பக்கம் திரும்பினார். "இவனுக்குக் கேக்குது தங்கச்சி."

"ஓட்டையே இல்லண்ணே."

"ஓட்ட இல்லனா இன்னா, எலும்பு கீதுல்ல, அது வழியா கேக்கும். எங்கக்கா பேத்தி ஒண்ணு தாம்பரத்துல கீது. இதே மாதிரி ரெண்டு பக்கமும் கடலக்கொட்ட. ஜன்னல் கம்பிய கடிச்சிக்கினே கெடக்கும். இப்ப தலைல ஒரு பட்ட மாட்டிக்கினு, வாய மூட மாட்டேங்குதுன்னு டீச்சரு கிளாஸுக்கு வெளிய நிக்க வைக்குது. மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரி. இந்த மாதிரி காதோட பொறந்த புள்ளைங்களுக்குன்னே செவ்வாக்கிழமைல எல்லா டாக்டரும் ஒரே ரூம்ல உக்காந்துக்கினு பாக்குறாங்க. நீ எங்க காட்டுற?"

"பெரிய ஆஸ்பத்திரில காட்டினோம்ணே. பத்து வயசுல வாங்கன்னாரு டாக்டரு."

"பத்து வயசுலயா? அதுவரைக்கும் எந்தக் கம்பிய கடிப்பான்?"

மோகன் வீட்டுத் தெருமுனையில் வண்டி நின்றது. கலைமதி இறங்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் இடித்துச் சொன்ன பிறகுதான் இறங்கினாள்.

அன்று வசந்தகுமார் முதல் ஷிஃப்ட் முடித்து வந்தான். கருவாட்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே கேட்டான்.

"பெரிய டாக்டர் சொன்னத வுட்டுட்டு ஆட்டோக்காரன் சொல்றத கேக்கச் சொல்றியா?"

"ஆட்டோக்காரர் வூட்டுப் புள்ள பேசுதுங்க."

"அது வேற, இது வேறயா இருக்கும். ரெண்டு மடலும் இல்ல, ஓட்டையும் இல்ல. கேக்கறதுக்கு வழி எங்க கீது? மடலு செஞ்சி ஓட்ட போட்டாத்தான் எல்லாம். அதுக்குத்தான் பத்து வயசு. பொறுத்தது பொறுத்தோம்."

"நான் போறேன். வந்தா வா."

வந்தான்.

சென்னையில் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நீளமான மேஜை. அதைச் சுற்றி ஐந்தாறு பேர். காது மூக்கு தொண்டை டாக்டர், காது டெஸ்ட் எடுக்கும் பெண், பேச்சுப் பயிற்சி தருபவர், மடல் செய்கிற சர்ஜன், குழந்தை டாக்டர், எல்லாரையும் ஒன்றுசேர்க்கும் ஐஸ்வர்யா என்ற நர்ஸ். ஐஸ்வர்யா முதலில் பையனுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். பிறகு அவன் முடியை அள்ளி உச்சியில் ரப்பர் பேண்ட் போட்டாள். நாலு வருஷமாக மறைத்து வைத்திருந்தது வெளிச்சத்துக்கு வந்ததும் கலைமதி கையை நீட்டி மூடப் போனாள். அந்த அறையில் யாரும் ஒரு நொடிக்கு மேல் உற்றுப் பார்க்கவில்லை என்பதைக் கண்டு கையை மடக்கிக்கொண்டாள்.

ஒருவர் பார்த்ததை இன்னொருவரிடம் அங்கேயே சொன்னார்கள். டெஸ்ட்டுக்குப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனவள் கையோடு திரும்பி வந்து, உள்காது நன்றாக இருக்கிறது, எலும்பு வழியாகச் சத்தம் போகிறது என்றாள். மடல் செய்யும் சர்ஜன், அறுவைச் சிகிச்சைக்கு நாள் இருக்கிறது, அதுவரை அந்தச் சதையைக் குத்தவோ வெட்டவோ கூடாது, தோல் தேவைப்படும் என்றார். குழந்தை டாக்டர், இப்படிப் பிறந்தவர்களுக்குச் சிறுநீரகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று ஸ்கேனுக்குச் சொன்னார். எல்லாம் முடிந்தபோது வெளியே வாங்கிவைத்த டீ ஆறியிருந்தது, அவ்வளவுதான் நேரம்.

"முன்னாடி காது டெஸ்ட் எங்கயும் எடுக்கலையாம்மா?" என்று கேட்டார் காது டாக்டர்.

"இல்ல மேடம். யாரும் சொல்லல."

"சொன்னாங்க," என்றான் வசந்தகுமார்.

கலைமதி திரும்பினாள்.

"பெரிய ஆஸ்பத்திரில பொறந்த அன்னிக்கே சொன்னாங்க மேடம். காது டெஸ்ட் எடுக்கணும், மிஷினு ரிப்பேரு, வந்ததும் கூப்புடறோம்னாங்க. பேரு, நம்பரு எல்லாம் வாங்கிக்கினாங்க. கூப்புடல."

"நீங்க போய்க் கேக்கலையா?"

"கூப்புடறோம்னாங்களே மேடம்."

காது டெஸ்ட் எடுத்த பெண் ஒரு துணிப் பட்டையைக் கொண்டுவந்தாள். அதில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய கருவி. பட்டையைப் பையனின் தலையைச் சுற்றிப் போட்டு, கருவியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுந்த வைத்து இயக்கினாள்.

இனியவன் உறைந்தான். மேலே பார்த்தான், மின்விசிறி. கீழே பார்த்தான், யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். வாய் கோணி அழத் தொடங்கினான். தன் அழுகை தனக்கே கேட்டதும் திடுக்கிட்டு நிறுத்தினான். பிஸ்கட் ஒட்டிய வாயைக் கையால் தடவிப் பார்த்தான். மெல்ல இன்னொருமுறை அழுதான். நிறுத்தினான். மறுபடி.

"கூப்பிடுங்கம்மா," என்றாள் அந்தப் பெண்.

"இனியா."

அவன் கதவைப் பார்த்தான்.

"இனியா, அம்மாடா."

அவன் சுவரைப் பார்த்தான், விசிறியைப் பார்த்தான், எல்லோரையும் பார்த்தான். அம்மாவை மட்டும் அந்தச் சத்தத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

"இந்தக் குரல் உங்க முகத்துலேர்ந்து வருதுன்னு அவனுக்குத் தெரியாதும்மா," என்றார் பேச்சுப் பயிற்சி தருபவர். "கத்துக்குவான். பாடுபடணும். கைக்குழந்தையா இருக்கும்போதே போட்டிருந்தா இந்நேரம் மத்த பிள்ளைங்க மாதிரி பேசியிருப்பான். இப்ப அந்தத் தூரத்த ஓடிப் பிடிக்கணும். எவ்வளவு பிடிப்பான்னு இன்னிக்கு சொல்ல முடியாது."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அறையில் யாரும் அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கலைமதிக்கு அதுதான் பொறுக்கவில்லை. முடியாத காரியம், பெரிய வியாதி, கடவுள் விட்ட வழி என்று நாலு வருஷமாக நெஞ்சில் சுமந்தது, இத்தனை பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலையாக இருந்தது.

ஆஸ்பத்திரி ஒரு பட்டையை இரவலாகக் கொடுத்தது. செங்கல்பட்டு ரயிலில் பையன் அவள் மடியில் தூங்கிப்போனான். பட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு எதிரே இருந்த புருஷனைப் பார்த்தாள். குரோம்பேட்டைவரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஆபரேஷன் பண்ணி படுத்துக்கினு இருந்த. அழுதுக்கினே இருந்த."

"நாலு வருஷமாவா அழுதுக்கினு இருந்தேன்?"

"கூப்புடுவாங்கன்னு நெனச்சிக்கினேன். அப்புறம் அந்தப் பெரிய டாக்டரு பத்து வயசுன்னாரு. ஓ, எல்லாத்தயும் சேத்து அவரு பாத்துதான் சொல்றாரு, அந்த டெஸ்ட்டு தேவயில்லன்னு வுட்டுட்டாங்க போலன்னு நெனச்சிக்கினேன்."

"யாரு சேத்துப் பாப்பா? எப்டிப் பாப்பா?"

வசந்தகுமார் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான், அங்கே எதுவும் இல்லாவிட்டாலும்.

"எங்க லைன்ல டோரு எங்கிட்ட வரும் கலை. நான் ஓரத்துல ரப்பரு பீடிங் போடுவேன். போட்டன்னா அது தானா அடுத்த ஸ்டேஷனுக்குப் போவும். நான் தூக்கினு போயி அடுத்தவன்கிட்ட குடுக்கறதில்ல. அவன் கண்ணாடி போடுவான், அடுத்தவன் லாக்கு போடுவான். கடைசில ஒருத்தன் லைட்ட போட்டு முழுசா பாப்பான். எதுனா வுட்டுப்போயிருந்தா அவன் புடிச்சிருவான். நாம நம்ம ஸ்டேஷன்ல ஒழுங்கா நின்னா போதும். பத்து வருஷமா அப்டியே நின்னு பழகிட்டேன். ஆஸ்பத்திரியும் அப்டிதான் இருக்கும்னு நெனச்சேன். அவ்ளோ பெரிய எடம். பேரு எழுதிக்கினாங்க. கடைசில எவனோ ஒருத்தன் முழுசா பாப்பான்னு..."

"உன் புள்ள டோரா?"

அவன் காட்டிய கையை இறக்கிக்கொண்டான்.

"டோருல ஒரு கீறல் இருந்தா லைன நிறுத்துவாங்க கலை. தலைக்கு மேல ஒரு கயிறு தொங்கும், அத இழுத்தா போதும். ஆறு பேரு ஓடியாருவான். இன்ஜினியரு, குவாலிட்டி, மெயின்டனன்ஸு, எல்லாம் வந்து டோர சுத்தி நிப்பான், இன்னிக்கி நின்னாங்களே அந்த மாதிரி. ஒரு கீறலுக்கு."

"நீ கயித்த இழுக்கல."

"அங்க கயிறு கீதான்னே எனக்குத் தெரியாதுடி."

அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அறைந்திருப்பாள், மடியில் பையன் தூங்காமல் இருந்திருந்தால். சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி யாக்கோபுவின் ஆட்டோவில் ஏறினார்கள். பிள்ளைப்பாக்கத்தில் இறங்கும்போது சொன்னாள்:

"வெள்ளிக்கிழம நான் அந்தப் பெரிய டாக்டர பாக்கப் போறேன்."

"இன்னாத்துக்கு? அங்க இன்னா கீது இனிமே?"

"எனக்கு அவரு மூஞ்சியப் பாக்கணும்."

சூப்பர்வைசர் தசரதனிடம் லீவு கேட்டபோது, "இந்த மாசத்துல எத்தன வாட்டிம்மா? ஆள் வச்சிருக்கறது வேலைக்கா, லீவுக்கா?" என்றார். "சார், நாளைக்கு நான் இங்க நின்னா ஒயர தப்பா கட்டுவேன். பரவால்லையா?" என்றாள். அவர் லீவைக் குறித்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை பிறவிக் குறைபாடுகளுக்கான நாள். உதடு பிளந்த குழந்தைகள், விரல் ஒட்டிய குழந்தைகள், அவர்களைத் தூக்கிக்கொண்டு மழையில் நனைந்து வந்த அம்மாக்கள். தரையெல்லாம் செருப்புச் சேறு. கலைமதி இனியவனுக்கு முடியை உச்சியில் கட்டி, பட்டையைப் போட்டுத்தான் அழைத்து வந்திருந்தாள். பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் அவள் தொடையில் முகத்தைப் புதைத்தான்.

டாக்டர் நரை விழுந்தவர். காலையிலிருந்து நாற்காலியைவிட்டு எழாத முகம். பையனைப் பார்த்ததும், "மைக்ரோஷியா, மடல் வளரல. வயசென்ன?" என்றார்.

"நாலு சார்."

"பத்து வயசுல வாங்கம்மா. விலா எலும்புலேர்ந்து எடுத்துச் செய்யணும், எலும்பு வளரணும்."

"போன தபா வந்தப்பவும் இதயேதான் சொன்னீங்க."

"இப்பவும் அதான். அது மாறாது."

"மடலுக்குப் பத்து வயசு, சரி சார். அங்கயும் அதயேதான் சொன்னாங்க. கேக்கறதுக்கு எத்தன வயசு?"

டாக்டர் அப்போதுதான் பட்டையைக் கவனித்தார். "எலும்பு வழிக் கருவி போட்டிருக்காங்களா. நல்லது. அப்புறம் என்ன பிரச்சினை?"

"செவ்வாக்கிழமதான் சார் போட்டாங்க. கைக்கொழந்தையா இருக்கும்போதே போட்டிருக்கணுமாம். இத உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்மா. ஆனா காது கேக்கறது என் டிபார்ட்மென்ட் இல்ல. நான் மடல்தான் செய்யறேன். அத இ.என்.டி.ல பாத்திருக்கணும்."

"அந்த வார்த்தய அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்ல. இ.என்.டி.ல பாரும்மான்னு. அவ்ளோதானே."

"சொல்லியிருப்பேன்."

"சொல்லல சார். நீங்க சொன்னது மூணே மூணு வார்த்த. அத வச்சிக்கினு நாங்க குடித்தனம் பண்ணோம். தெருவுல மூளின்னு கூப்புட்டாங்க, பத்து வயசு வரட்டும்னு இருந்தேன். அங்கன்வாடில மூலைல உக்கார வச்சாங்க, பத்து வயசு வரட்டும்னு இருந்தேன். நான் தாலாட்டு பாடறத நிறுத்திட்டேன் சார், எதுக்கு அவனுக்குக் கேக்காதேன்னு. அன்னிக்கே ஒரு பட்ட போட்டிருந்தா கேட்டிருப்பான்."

"பாரும்மா, வெளிய எவ்வளவு கூட்டம் இருக்குன்னு பாத்தியா? ஒரு ஆளுக்கு எனக்கு என்ன நேரம் கிடைக்குது தெரியுமா?"

"தெரியுது சார். அதனாலதான் ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். இதே வார்த்தய எத்தன பேருக்குச் சொல்லியிருக்கீங்க?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே மாட்டிக்கொண்டார். பிறகு மேஜையிலிருந்த மணியை அழுத்தினார். "அடுத்த ஆளு."

"நீ வெளிய வாம்மா," என்றாள் கதவருகே நின்ற நர்ஸ்.

கலைமதி பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "நான் சத்தம் போட மாட்டேன். ஓரமா இருந்துக்கினு கேக்கறேன்."

செக்யூரிட்டியைக் கூப்பிடலாமா என்பதுபோல நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தலையாட்டவில்லை. உதடு பிளந்த ஒரு கைக்குழந்தை வந்துபோனது. ஒட்டிய விரலோடு ஒரு சிறுமி வந்துபோனாள். கலைமதி அசையவில்லை. அதற்கப்புறம் ஒரு பெண் வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. தலையில் துண்டு கட்டிய கைக்குழந்தை. துண்டை அவிழ்ப்பதற்கு முன் அவள் அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கலைமதிக்குத் தெரியும். துண்டு அவிழ்ந்தது. இரண்டு பக்கமும்.

டாக்டர் தொட்டுப் பார்த்தார், தாடையைத் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு ஆபரேஷன் இருக்கும்மா. இப்ப இல்ல. பத்து வயசு..."

நிறுத்தினார். ஸ்டூல் பக்கம் அவர் கண் போகவில்லை. போகாமல் இருக்க அவர் பாடுபடுவது தெரிந்தது.

"அதுக்கு முன்னாடி காது டெஸ்ட் எடுக்கணும். இ.என்.டி.க்குப் போங்க. இந்த வாரமே."

"எங்க சார் போவணும்?" என்று கேட்டாள் அந்தப் பெண். செங்கல்பட்டுப் பக்கத்துப் பேச்சு.

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். "இ.என்.டி. எந்த பில்டிங்? காது டெஸ்ட் இன்னிக்கு உண்டா?"

"தெரியல டாக்டர். பழைய பிளாக்குலேர்ந்து மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க. அவங்க கிழமை வேற."

"கேட்டுட்டுப் போங்கம்மா. கீழ விசாரிச்சா சொல்வாங்க."

அந்தப் பெண் சரியென்று தலையாட்டினாள். குழந்தைக்குத் துண்டைக் கட்டத் தொடங்கினாள். சொன்னதைச் சொன்னபடி கேட்டுக்கொள்ளும் முகம். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த முகம்போலவே இருந்தது.

கலைமதி எழுந்தாள்.

"துண்ட கட்டாத. எழுந்திரு, நான் கூட்டினு போறேன். கீழ விசாரிச்சிட்டு நீ வூட்டுக்குப் போயிடுவ, எனக்குத் தெரியும்." அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். வெளியிலிருந்து கூட்டத்தின் இரைச்சல் உள்ளே வந்தது. இனியவன் அவள் கழுத்தை இறுக்கினான். "சார், நீங்களும் வாங்க."

"என்னம்மா விளையாடறியா? நான் ஓபி பாக்கறேன்."

"ஒரு தபா வாங்க சார். எந்த பில்டிங்குன்னு பாத்துக்கலாம். அடுத்த புள்ள வந்தா வழி சொல்லலாம் இல்ல?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எழவில்லை. வரிசையில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் கதவைச் சாத்த வந்தாள். கலைமதி தோளால் முட்டுக்கொடுத்து நின்றாள், கதவை விடவில்லை.